கலைவாணிக்குக் கொழுப்பு

கலைவாணிக்குக் கொழுப்பு அதிகம் என்ற செய்தி அவளுக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

ஜமுனாமரத்தூர் பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில் எல்லாரோடும் சேர்ந்து அவளும் ரத்தம் கொடுத்திருந்தாள். முடிவைச் சொல்ல முகாம்காரர்கள் போன் செய்த நேரத்தில் அவள் சரிவில் இருந்த சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே சிக்னல் கிடைக்காது. அதனால் அவள் கொடுத்திருந்த இரண்டாவது எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். அது தீர்த்தகிரியின் டீக்கடை எண். தீர்த்தகிரி வாணலியில் பஜ்ஜியைத் திருப்பிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

சாயங்காலம் சோப்பு வாங்க அவள் கடைக்கு வந்தபோது தீர்த்தகிரி சிரித்தார்.

"இன்னா கலைவாணி, ஒனக்குக் கொழுப்பு ஜாஸ்தியாமே?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யாருக்குணா கொழுப்பு? நான் யார இன்னா சொன்னேன்?"

"ஐயோ, அந்தக் கொழுப்பு இல்லம்மா. ரத்தத்துல. நானூறுக்கு மேல கீதாம். இருநூறுக்குள்ள இருக்கணுமாம். எண்ண, முட்ட, கறி, தேங்கா எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லச் சொன்னாங்க."

கலைவாணி தன்னைத்தானே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். முப்பது வயது. கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் இப்போதும் தொளதொளவென்றுதான் இருந்தது. வீட்டில் காலையில் கேழ்வரகுக் களி, மத்தியானம் சாமைச் சோறும் கீரையும். கறி என்றால் திருவிழாவுக்கும் விருந்தாளி வந்தாலும்தான். ஒரு பாட்டில் எண்ணெய் அவள் அடுப்படியில் எத்தனையோ வாரத்துக்கு வரும்.

"எனக்கு எங்கேர்ந்து வரும் கொழுப்பு?" என்றாள்.

பெஞ்சில் இருந்த ஒருவர் தீர்த்தகிரியைப் பார்த்தார். தீர்த்தகிரியின் வயிறு கடைக் கல்லாவுக்கு முன்னால் தனியாக ஒரு ஆள் நிற்பதுபோல நின்றது. விற்காமல் மிஞ்சிய போண்டாவை எல்லாம் அவரே தின்றுவிடுவார் என்பது ஊரறிந்த விஷயம். முகாமில் அவரும் ரத்தம் கொடுத்திருந்தார். அவருக்கு எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

"தீர்த்தகிரி, அன்னிக்கு நீ யாருக்குப் பின்னாடி நின்னே?" என்று பெஞ்சில் இருந்தவர் கேட்டார்.

"கலைவாணிக்குப் பின்னாடி."

"அப்பறம் இன்னா? மாத்திட்டானுங்க. ஒன்னோட ரத்தம் அவ பேருல போய்டுச்சு."

கடையே ஒத்துக்கொண்டது. தீர்த்தகிரியின் முகம் மட்டும் வெளுத்துப்போனது. கையில் இருந்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அவர் மனைவி அவருக்குக் கொள்ளுத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தாள். கலைவாணியின் கணவன் வெற்றிவேலும் ரத்தம் மாறியிருக்கும் என்றுதான் நம்பினான். அவன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். மலையிலிருந்து புளியும் பலாவும் ஏற்றிக்கொண்டு போளூர் சந்தைக்குப் போய்வருவான்.

"எதுக்கும் போளூர்ல ஒரு தபா பாத்துடலாம். அது வரைக்கும் அவங்க சொன்ன மாதிரி இரு" என்றான்.

கலைவாணி அப்படியே இருந்தாள். தாளிப்பதை விட்டாள். மகள் வெண்ணிலாவுக்கு முட்டை அவித்தால் தன் பங்கை எடுத்துக்கொள்ள மாட்டாள். வெறும் ரசமும் வெறும் கீரையுமாகச் சில வாரங்கள் போயின. பக்கத்துத் தெருவில் இருந்த அவள் அம்மா மங்கம்மாள் வந்து பார்த்துத் திட்டினாள்.

"எலும்பும் தோலுமா கீறே. ஒனக்கு எவன் சொன்னான் கொழுப்புன்னு?"

ஒருநாள் புளி மூட்டைகளுக்கு முன்னால் கலைவாணியும் தீர்த்தகிரியும் நெருக்கியடித்து உட்கார, வெற்றிவேல் வேனை மலையிறக்கினான். போளூரில் பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். அங்கிருந்த பெண்ணிடம், "எங்க ரெண்டு பேரையும் மாத்திடாதம்மா" என்று தீர்த்தகிரி பலமுறை சொன்னார். குழாய்களில் பெயர் எழுதி ஒட்டும் வரை பக்கத்திலேயே நின்றார்.

சாயங்காலம் முடிவு வந்தது. தீர்த்தகிரிக்கு எல்லாம் சரி. கலைவாணிக்கு முகாமில் வந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல்.

தீர்த்தகிரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷப்படலாமா என்று அவருக்கே தெரியவில்லை. "இன்னாம்மா இது, நான் துன்றதெல்லாம் ஒனக்கு வந்து சேருதா?" என்றார்.

கலைவாணி சிரிக்கவில்லை. எண்ணெயை விட்டாள், முட்டையை விட்டாள், அது ஏறியிருக்கிறது. விடாமல் இருந்திருந்தால் இறங்கியிருக்குமா? அப்படி யோசிப்பதே பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியது. வேறு எப்படி யோசிப்பது என்றும் தெரியவில்லை. அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள்.

வேலூரில் அவளைப் பார்த்த டாக்டருக்கு அவள் வயதுதான் இருக்கும். பெயர் தேவயானி என்று மேசையில் எழுதியிருந்தது. கொண்டுபோன தாளை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, "கையை நீட்டுங்க" என்றார்.

கலைவாணி நீட்டினாள். டாக்டர் அவள் விரல் மடிக்கும் முட்டிகளைத் தடவினார். அங்கே தோலுக்கு அடியில் சுண்டைக்காய் போலச் சிறு கட்டிகள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அதிலும் கட்டி. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார்.

"இந்தக் கட்டி எல்லாம் எவ்வளவு நாளா இருக்கு?"

"வயசுக்கு வந்ததுலேர்ந்து கீதுங்க. வலிக்காது. களக்கொத்து புடிச்சுப் புடிச்சு வந்ததுன்னு நெனச்சேன்."

"வேலை செஞ்சதால வந்ததில்ல. கொலஸ்ட்ரால் அங்க போய்ப் படிஞ்சிருக்கு."

"நான் எண்ணயே சேத்துக்கறதில்லங்க."

"தெரியுதும்மா. இது நீங்க சாப்பிட்டு வந்ததில்ல. உங்க உடம்பே செஞ்சது. உங்க செல்லுலதான் பிரச்சினை."

கூட வந்திருந்த வெற்றிவேல் தன் சட்டைப் பையில் இருந்த அவள் மொபைலை எடுத்து மேசைமேல் வைத்தான். "அத ரொம்ப நேரம் பாக்காதன்னு நானும் சொல்லிகினுதான் இருக்கேன் டாக்டர்."

தேவயானி ஒரு கணம் விழித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இந்த செல் இல்லைங்க. உடம்புல இருக்கிற செல். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறை மாதிரி. உடம்பு முழுக்க அதாலதான் ஆனது."

வெற்றிவேல் மொபைலை எடுத்து மறுபடி பையில் போட்டுக்கொண்டான்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பால் ஆன மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. அது ரொம்பத் தளர்ந்தாலும் கெடுதல், ரொம்ப விறைத்தாலும் கெடுதல். அதைப் பதமாக வைத்திருக்கக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதனால் செல் தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் உள்ளேயிருந்து ஒரு உத்தரவு கிளம்பும்: இன்னும் செய், வெளியே கதவு வைத்து ரத்தத்தில் ஓடுவதையும் இழுத்துக்கொள். போதுமான அளவு சேர்ந்துவிட்டால் அந்த உத்தரவு நின்றுவிடும்.

"உங்களுக்குப் பிறக்கும்போதே அந்தக் கதவுல பாதி கோளாறு. ரத்தத்துல நிறைய ஓடுது. ஆனா ஈரல்ல இருக்கிற செல்லுக்குள்ள வர வேண்டிய அளவு வரல. அதனால பத்தலைன்னு நினைச்சு அது செஞ்சுகிட்டே இருக்கு."

கலைவாணி நெற்றியைச் சுருக்கினாள். "வெளியில கொட்டிக் கெடக்குது. உள்ள இல்லன்னு அழுவுதா?"

"அப்படித்தான்."

"வெளியில இருக்கறது அதுக்குத் தெரியாதா?"

"உள்ள வந்தாத்தான் அதுக்குத் தெரியும்."

"எல்லாத்தையும் உட்டுட்டேன். அதுக்கப்பறமும் ஏறியில்ல கீது?"

"நீங்க விட்டது சாப்பாட்டை. அது செய்யறதை விடலையே. கொஞ்சம் ஏறினது நாளுக்கு நாள் வர்ற வித்தியாசம்தான், பயப்படாதீங்க. ரொம்பக் கறி, நெய் வேண்டாம். மத்தபடி அளவா தாளிச்சுச் சாப்பிடுங்க. இப்படிப் பட்டினி கிடக்காதீங்க. மாத்திரை தர்றேன். செல் கொலஸ்ட்ரால் செய்யறதை அது தடுக்கும்."

"ஏற்கெனவே பத்தலன்னு நெனைக்குது. அது செய்யறதையும் தடுத்தா?"

"அப்ப அது இன்னும் கதவு வைக்கும். நல்லா இருக்கிற பாதி வேலை செய்யுதில்ல, அதுல இன்னும் நிறையக் கதவு. ரத்தத்துல இருக்கிறதை இழுக்க ஆரம்பிக்கும். ரத்தத்துல குறையும்."

கலைவாணி தலையாட்டினாள். புரிந்தது போலவும் இருந்தது, கை நழுவியது போலவும் இருந்தது. ரத்தத்தில் குறைவதற்காகச் செல்லில் குறைக்க வேண்டும், குறைந்ததும் அது கூடுதலாக இழுத்துக்கொள்ளும். யாராவது வீட்டில் இதைக் கேட்டால் எப்படிச் சொல்வாள்?

"இது பரம்பரையா வர்றது. அம்மா அப்பா இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"அம்மா கீறாங்க. அப்பா நாப்பது வயசுக்குள்ளயே போய்ட்டாரு."

"எப்படி?"

கலைவாணி கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவர்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதை மலைக்கு வெளியே யாரிடமும் அவள் சொன்னதில்லை.

"சோத்துல வெஷம் வச்சுட்டாங்க" என்றாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "யாரு?"

"அவரு கூடப் பொறந்த அக்கா."

அந்தக் கதையை அவள் சின்ன வயதிலிருந்து அம்மாவின் வாயால் கேட்டு வளர்ந்தவள். அவள் அப்பா துரைக்கண்ணுவுக்கும் அவர் அக்கா பாஞ்சாலிக்கும் இரண்டு புளியமரத்தின் பேரில் மனத்தாங்கல். பேசித் தீர்க்கலாம் என்று துரைக்கண்ணு அடிவாரத்தில், கலசப்பாக்கம் பக்கத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனார். பேச்சு நல்லபடியாக முடிந்தது. அக்கா கோழி அடித்துச் சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டு மலையேறும்போது வழியில் வேர்த்துக் கொட்டி விழுந்தார். தூக்கி வந்தவர்கள் வீட்டில் கிடத்தியபோது உயிர் இல்லை. அன்றைக்கு மங்கம்மாள் போட்ட சத்தத்தில், நாத்தனாரால் சாவு வீட்டுக்குள்ளேயே வர முடியவில்லை. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

"விழறதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாராமா?"

"தாடை வலிக்குது, இடது கை மரத்துப் போவுதுன்னு சொன்னாராம். கூட வந்தவங்க சொன்னாங்க."

தேவயானி பேனாவை மறுபடி எடுத்தார். "நான் அங்க இல்ல. அதனால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றது மாரடைப்பு மாதிரி இருக்கு. உங்களுக்கு இருக்கிறது அப்பாகிட்ட இருந்து வந்திருந்தா, அந்த வயசுல அப்படி வர்றது நடக்கக் கூடியதுதான்." பிறகு கேட்டார், "அந்த அத்தை உயிரோட இருக்காங்களா?"

"கீறாங்க."

"அவங்களுக்கும் இருக்கலாம். அவங்களைப் பார்க்கணும். உங்க பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. அவளுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு."

வேன் மலையேறும்போது கலைவாணி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். சாப்பாட்டில் இல்லை என்று டாக்டர் சொன்னது அவள் கொழுப்பைப் பற்றித்தான். ஆனால் அது அப்பாவின் சாவு வரைக்கும் போய் நின்றது. அத்தை வைக்கவில்லை என்றால் அம்மா இத்தனை வருடம் சொன்னது என்ன? அம்மா பொய் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனாலும் மனசு ஒரு பக்கம் உட்கார மறுத்தது. டாக்டர் உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதானே சொன்னார்?

அம்மாவிடம் சொல்லாமலேயே, அடுத்த சந்தை நாளில் அவள் வெற்றிவேலோடு அடிவாரத்துக்கு இறங்கினாள். பாஞ்சாலியின் வீடு கரும்புக் கொல்லையை ஒட்டி இருந்தது. வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அத்தை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறான் என்று கலைவாணி கேள்விப்பட்டிருந்தாள்.

"யாரும்மா?"

"நான் துரைக்கண்ணு பொண்ணு. கலைவாணி."

பாஞ்சாலி எழுந்தாள். எழுந்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கம்மா அனுப்புனாளா?"

"இல்ல அத்த. அவங்களுக்குத் தெரியாது."

"நான் ஒண்ணும் வைக்கல" என்றாள் பாஞ்சாலி. யாரும் எதுவும் கேட்காதபோதே அது அவள் வாயில் தயாராக இருந்தது. "எந்தக் கோயில்ல வேணா கூட்டிகினு போ. கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்றேன். எந் தம்பி அவன். அவனுக்கு நான் வைப்பேனா?"

கலைவாணிக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. செல்லில் ஆரம்பிக்கவா, கதவில் ஆரம்பிக்கவா?

"கையக் காட்டுங்க அத்த."

பாஞ்சாலி சந்தேகத்தோடு கையை நீட்டினாள். விரல் முட்டிகளில் கட்டிகள், கலைவாணிக்கு இருந்ததைவிடப் பெரிதாக. கலைவாணி தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"ஒனக்குமா?" என்றாள் அத்தை. "எங்கப்பனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஒங்கப்பனுக்குக் குதிகால்ல. செருப்பு கடிக்குதுன்னு வெறுங்கால்லயே திரிவான்."

கலைவாணி தனக்குப் புரிந்தவரை சொன்னாள். சொல்லச் சொல்ல அவளே இரண்டு இடத்தில் குழம்பி, வெற்றிவேலைப் பார்த்தாள். அவன் உதவவில்லை. ஆனால் பாஞ்சாலி ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப சோறு இல்லையா?"

"சோறு இல்லன்னுதான் தோணுது அத்த. ரத்தத்துல இருந்தது."

பாஞ்சாலி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. உரித்த கடலையை முறத்தின் ஒரு ஓரத்துக்கு ஒதுக்கினாள், பிறகு மறுபடி கலைத்தாள். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா" என்றாள். "ஊரே சொல்லும்போது, கோழில ஏதாவது கெட்டுப் போயிருந்துச்சோ, நான் கழுவாம உட்டுட்டேனோன்னு. அன்னிலேர்ந்து நான் யாருக்கும் கோழி ஆக்கிப் போட்டதில்ல."

சற்று நேரம் கழித்து அவள் உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்தாள். அதைக் கலைவாணிக்கு முன்னால் நீட்டாமல், தின்பது அவள் விருப்பம் என்பதுபோல, கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

எல்லாம் தெரிந்திருந்தும், டாக்டர் சொன்னதைத் தானே இப்போது சொல்லி முடித்திருந்தும், கலைவாணியின் கை தட்டை நோக்கிப் போக மறுத்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. தட்டை இழுத்து வைத்து, பிசைந்து, முதல் கவளத்தை அவசரமாக விழுங்கினாள். பிறகு நிதானமாகச் சாப்பிட்டாள். குழம்பில் உப்பு குறைவு. கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மங்கம்மாள் முதலில் காது கொடுக்கவே இல்லை.

"அந்த வூட்டுக்குப் போனியா? போய்ட்டுச் சோறு துன்னியா?"

"துன்னேன். உயிரோடதான கீறேன்?"

"ஒடனே ஒண்ணும் ஆவாது."

"அப்பாவுக்கு ஒடனேதான ஆச்சு? நீதான சொன்னே?"

கலைவாணி அம்மாவின் கையைப் பிடித்துத் தன் விரல் முட்டியில் வைத்தாள். அப்பாவின் குதிகாலைப் பற்றிக் கேட்டாள். மங்கம்மாளுக்கு நினைவிருந்தது. வேலைக்குப் போய் வந்ததும் அவர் காலை நீட்டிக்கொண்டு உட்காருவார், அந்த இடத்தில் விளக்கெண்ணெய் தடவி விடுவாள்.

"பொறக்கும்போதே இருந்த கோளாறா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப அவ சோறு போடலன்னாலும் போயிருப்பாரா?"

"எப்பன்னு தெரியாது. ஆனா போயிருக்கலாம்."

"நான் போட்ட சோறு?"

"அதுவும் இல்லம்மா. யாரு போட்ட சோறும் இல்ல."

மங்கம்மாள் விறகை அடுப்புக்குள் தள்ளினாள். அவளுக்கு நிம்மதி வரும் என்று கலைவாணி எதிர்பார்த்தாள். வந்தது வேறு ஏதோ. "இத்தினி வருசமா அவளத் திட்டிகினு இருந்தேன். காலைல எந்திரிச்சா அவளத் திட்டிட்டுத்தான் வாசத் தெளிப்பேன். இப்ப யாரு மேல கோச்சுக்கறது? அந்தச் செல்லு மேலயா? அத எங்கன்னு போய்த் தேடறது?"

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் யாரையும் திட்டாமல் வாசல் தெளித்தாள். வேலூருக்குப் போகும் நாளன்று மட்டும், யாரும் கூப்பிடாமலேயே, சேலையை மாற்றிக்கொண்டு வேன் பக்கத்தில் வந்து நின்றாள். "கொழந்தைக்கு ஊசி போடுவாங்க. நான் புடிச்சுக்கறேன்" என்றாள்.

அடிவாரத்தில் பாஞ்சாலியை ஏற்றிக்கொண்டார்கள். அவளும் மங்கம்மாளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நடுவில் வெண்ணிலா உட்கார்ந்து, வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். மங்கம்மாளுக்கு ஒன்றும் இல்லை. கலைவாணிக்கு மாத்திரையில் ஏறக்குறைய பாதி இறங்கியிருந்தது. அவள் இந்த வாரங்களில் தாளித்துத்தான் சாப்பிட்டாள். விட்டபோது ஏறியது, சாப்பிட்டபோது இறங்கியிருக்கிறது. காரணம் தெரிந்த பிறகும் அவளுக்கு அது கண்கட்டு வித்தை போலத்தான் இருந்தது.

வெண்ணிலாவுக்கும் அந்தக் கோளாறு இருந்தது.

"பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு சொன்னேனில்ல" என்றார் தேவயானி. "வருத்தப்படாதீங்க. இந்த வயசுலயே தெரிஞ்சது நல்லது. இன்னும் கொஞ்சம் வளரட்டும், மாத்திரை ஆரம்பிக்கலாம். சின்ன வயசுலேர்ந்து ஒழுங்காப் பார்த்துகிட்டா மத்தவங்க மாதிரி நல்லா இருப்பா."

கலைவாணி மகளைப் பார்த்தாள். பஞ்சு ஒட்டிய கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் வெண்ணிலா. தான் கொடுத்தது என்று அழுவதா, தெரிந்துவிட்டது என்று ஆறுதல் அடைவதா? தனக்கு அப்பா கொடுத்தார் என்பதற்காக அவளுக்கு அப்பாமேல் கோபம் வந்ததில்லை. மகளுக்கும் வராமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அந்த நேரத்தில் எதுவும் ஓடவில்லை.

பாஞ்சாலியை அன்று திருப்பி அனுப்பவில்லை. அவளுக்கு மூச்சு வாங்குவது வயதால் அல்ல, இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். மறுநாள் காலையில் கை வழியாகக் கம்பி விட்டு அடைப்பை நீக்கி, உள்ளே ஒரு சின்ன வலைக்குழாய் வைத்தார்கள். பெங்களூரிலிருந்து மகன் புறப்பட்டுவிட்டான், இன்னும் வந்து சேரவில்லை. வெற்றிவேல் வெண்ணிலாவைக் கூட்டிக்கொண்டு இட்லி வாங்கப் போயிருந்தான். கலைவாணியும் மங்கம்மாளும் வார்டுக்கு வெளியே இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். "பாஞ்சாலி கூட வந்தது யாரு? ஒருத்தர் மட்டும் உள்ள வரலாம். தண்ணி கேக்கறாங்க."

கலைவாணி எழுவதற்குள் மங்கம்மாள் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் தான் எழுந்தது அவளுக்கே தெரிந்ததுபோல இருந்தது. முந்தானையைச் சரி செய்தாள், திரும்பி மகளைப் பார்த்தாள், மறுபடி கதவைப் பார்த்தாள்.

"நீங்க அவங்களுக்கு இன்னா ஓணும்?" என்றாள் நர்ஸ்.

அந்த உறவை மங்கம்மாள் வாயால் சொல்லி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"தம்பி பொண்டாட்டி" என்றாள்.

நர்ஸ் வழி விட்டாள். கண்ணாடிக்கு வெளியே நின்று கலைவாணி பார்த்தாள். அம்மா கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி, தம்ளரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அத்தை கண் திறந்து பார்த்து, யார் என்று புரியாமல் மறுபடி மூடி, மறுபடி திறந்தாள். அம்மா ஏதோ கேட்டாள். அத்தை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அது வேண்டாம் என்பதா, வலிக்கவில்லை என்பதா, கலைவாணிக்குத் தெரியவில்லை. பிறகு அம்மா பக்கத்தில் போய், ஒரு கையால் நாத்தனாரின் கழுத்துக்கு அடியில் தாங்கி, தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தாள்.